ஃபியூஸுக்குப் பதில் ஒரு செம்புக் கம்பி

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில், வாகனப் பராமரிப்புக் குழு சார்பில் வாசிக்கப்பட்ட உரை)





வழக்கமாக இந்தக் கூட்டத்தில் எங்கள் குழு வரவு செலவுக் கணக்கை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடும். இந்த மாதம் கணக்கைப் பலகையில் ஒட்டிவிட்டோம். நாங்கள் இன்று பேச வந்தது நம் பழைய ஜீப்பைப் பற்றி. மலையில் ஓர் இரவு அதன் விளக்கு அணைந்ததும், அதற்கான காரணத்தை இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்ததும், அதற்கு முன்பே ஒரு தம்பியின் மீது பழி போட்டதும் உங்களில் பலருக்குப் பாதிக் கதையாகத் தெரியும். முழுக் கதையை நாங்களே சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

ஜீப்பைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் 1941 முதல் வில்லிஸ், ஃபோர்டு ஆலைகளில் ஆறு லட்சத்துக்கும் மேலான ஜீப்புகள் செய்தார்கள். போர் முடிந்த பிறகு அது விவசாயிக்கும் வியாபாரிக்கும் உரிய வண்டியாக மாறியது. 1953இல் வந்த சிஜே-3பி என்ற மாடலில் புது எஞ்சின் உயரமாக இருந்ததால் பானட்டையும் தூக்கிக் கட்டினார்கள். அந்த உயர்ந்த பானட் ஜீப்பைத்தான் மஹிந்திரா நம் நாட்டில் நெடுங்காலம் தயாரித்தது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது அந்த ஜீப் கூலியில்தான்.

நம்மிடம் இருப்பதும் அந்த உயர்ந்த பானட் வண்டிதான். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு எப்போதோ டீசல் எஞ்சின் மாற்றியிருந்தார்கள். ஒரு தோட்டத்துக் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த அதை நன்கொடையாக வாங்கி, டிங்கரிங், பெயிண்டிங், ஒயரிங் எல்லாம் புதிதாகச் செய்து, தோட்டங்களில் இருக்கும் நோயாளிகளை இறக்கிக் கொண்டு வருவதற்காக ஓட விட்டோம். ஒயரிங் முழுவதையும் செய்தது நம் தொழிற்பயிற்சி வகுப்பில் படித்து, ஒரு பட்டறையில் இரண்டு வருஷம் கை பழகிய தம்பி ஒருவர். அவர் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அவர் வீட்டார் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

இனி அந்த இரவு.

மழைக்காலம். மேலே ஒரு தோட்டத்து லயத்தில் நிறைமாதக் கர்ப்பிணிக்கு இரவு எட்டு மணிக்கு வலி எடுத்தது. நம் ஓட்டுநர் பாய் போய் அந்தப் பிள்ளையையும் அவளுடைய தாயாரையும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக இறங்கினார். கூட வந்தவர் நம் தன்னார்வலர் ஒருவர். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வண்டி குலுங்கித் திரும்பும்போது டேஷ் போர்டுக்குப் பின்னாலிருந்து கருகல் நாற்றம் வந்தது. அடுத்த நொடி இரண்டு ஹெட்லைட்டும் அணைந்துவிட்டன. முன்னால் பனிமூட்டம், ஒரு பக்கம் பள்ளம்.

டீசல் எஞ்சின் என்பதால் அது நிற்கவில்லை. அந்தக் காலத்து டீசல் எஞ்சின் ஓடுவதற்குக் கரண்ட் தேவையில்லை. ஓட்டுநர் பாய் பதறாமல் வண்டியை மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினார். ஹெட்லைட் சுவிட்சை அணைத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றினார். புகை அடங்கும் வரை அந்தப் பெண்ணையும் தாயாரையும் இறக்கி ஓரமாக உட்கார வைத்தார்கள். மழையில், பிரசவ வலியோடு! கீழிருந்து தோட்ட ஜீப் ஒன்று வந்தது. அந்த ஓட்டுநர் தன் வண்டியைத் திருப்பி, இவர்களை ஏற்றிக்கொண்டு இறங்கினார். குழந்தை ஆஸ்பத்திரியில் பிறந்தது. தாயும் சேயும் நலம், அல்ஹம்துலில்லாஹ். அந்த ஜீப் வந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் எங்களுக்கு நெஞ்சு படபடக்கிறது.

மறுநாள் காலையில் நாங்கள் கூடினோம். வண்டியைத் தொடுவதற்கு முன்பே எங்களுக்குக் காரணம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம். "ஒயரிங் சரியில்லை. சின்னப் பையன்கிட்ட கொடுத்ததுதான் தப்பு" என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினோம். எஞ்சின் அறைக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே இருக்கும் தகட்டில், ஒயர் நுழையும் ஓட்டை ஒன்றில் ரப்பர் வளையம் இல்லாமல் டேப் மட்டும் சுற்றியிருந்தது. அதைப் பார்த்ததும் எங்கள் முடிவு உறுதியாகிவிட்டது. அந்தத் தம்பிக்கு போன் செய்து, "இனி வகுப்புக்கு உதவிக்கு வர வேண்டாம். நிலுவைச் சம்பளத்தைப் பிறகு பார்ப்போம்" என்று சொன்னோம். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "மாமா, அந்தப் பிள்ளை நல்லா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலத்துக்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவியது. அவர் கை வைத்த ஆட்டோக்காரர் ஒருவர் வேலையை வேறு பட்டறைக்கு மாற்றிக்கொண்டார். அவருடைய அத்தா கடைத்தெருவுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

ஒயரிங்கைப் பிரித்து மாற்றுவதற்காக, நாற்பது வருஷமாகப் பேட்டரிக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரை அழைத்தோம். அவர் வந்ததும் நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்த இடத்துல ஷார்ட்டுன்னு பார்த்தீங்களா?" என்றார். இல்லை என்றோம். "அப்ப இடத்தை முதல்ல கண்டுபிடிப்போம். ஆளை அப்புறம் சொல்லுங்க" என்றார்.

அடுத்த இரண்டு நாளும் அவர் எங்களையே வேலை செய்ய வைத்தார். அதில் கற்றதை உங்களுக்குச் சொல்கிறோம். உங்கள் வீட்டு வண்டிக்கும் இது பொருந்தும்.

ஷார்ட் என்றால் என்ன? வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து கம்பி புறப்பட்டு ஃபியூஸ், சுவிட்ச் வழியாகப் பல்புக்குப் போகிறது. திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் தனிக் கம்பி கிடையாது. வண்டியின் இரும்பு உடம்பே திரும்பும் வழி. இதைத்தான் பாடி எர்த் என்கிறார்கள். 12 வோல்ட்டில் 60 வாட் ஹெட்லைட் 5 ஆம்பியர் இழுக்கும். இரண்டுக்கும் 10 ஆம்பியர். போகும் கம்பியின் மேல்தோல் எங்காவது அறுந்து இரும்பைத் தொட்டால், கரண்ட் பல்புக்குப் போகாமல் அங்கேயே இறங்கிவிடும். தடுக்க ஒன்றும் இல்லாததால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். கம்பி பழுத்து எரியும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் நாம் அதை அலட்சியமாக நினைக்கிறோம். ஆனால் வண்டியை எரிக்க 12 வோல்ட் போதும். ஃபியூஸ் இருப்பது பல்பைக் காக்க அல்ல, கம்பியைக் காக்கத்தான். கம்பி எரிவதற்கு முன் தான் எரிந்து போவதே அதன் வேலை.

பெரியவர் முதலில் எங்கள் மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றச் சொன்னார். பாசிட்டிவ் முனைக்கும் வண்டி உடம்புக்கும் நடுவில் ஓர் உலோக வளையம் மாட்டினால் விரல் வெந்துவிடும். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ்வை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். நெகட்டிவ் கழன்றிருந்தால் ஸ்பேனர் தவறி உடம்பில் பட்டாலும் பொறி வராது.

பிறகு ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். ஹெட்லைட் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் உருகிப்போன செம்புக் கம்பியின் இரண்டு நுனிகள்தான் இருந்தன. "இதை யார் போட்டது?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

ஃபியூஸ் இருந்த இடத்தில் இண்டிகேட்டரின் 21 வாட் பல்பு ஒன்றை இரண்டு ஒயர் வைத்து மாட்டினார். இதுதான் டெஸ்ட் லாம்ப். ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், கம்பி எரியாது. எத்தனை நேரம் வேண்டுமானாலும் தேடலாம். ஒவ்வொரு தடவையும் ஒரு ஃபியூஸைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. அதற்கு முன் இரண்டு ஹெட்லைட் பிளக்கையும் கழற்றினார். நல்ல ஹெட்லைட்டும் எர்த்துக்குப் போகும் வழிதானே, அது மாட்டியிருந்தால் டெஸ்ட் லாம்ப் எரிந்து நம்மை ஏமாற்றிவிடும்.

பேட்டரியை மாட்டி ஹெட்லைட் சுவிட்சைப் போட்டோம். டெஸ்ட் லாம்ப் எரியவில்லை. ஷார்ட்டே இல்லை!

எங்களில் சிலர், "கருகினது கருகிப்போச்சு, இப்ப சரியாயிடுச்சு போல" என்றோம். பெரியவர் சிரித்தார். "சமதரையில நிக்கிற வண்டி பொய் சொல்லும். குலுங்கும்போது வர்ற நோயைக் குலுக்கித்தான் பார்க்கணும்" என்றார். முதல் நாள் அதோடு இருட்டிவிட்டது.

இரண்டாம் நாள் நான்கு பேர் வண்டியைப் பிடித்து ஆட்டினோம். ஒருவர் டெஸ்ட் லாம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் ஒயர்க் கட்டை முன்பக்கம், எஞ்சின் அறைத் தகடு, தரை, டேஷ் என்று பகுதி பகுதியாகக் கையால் அசைத்தார். நாங்கள் சந்தேகப்பட்ட தகட்டு ஓட்டையில் எவ்வளவு இழுத்து அசைத்தாலும் பல்பு எரியவில்லை. டேஷின் நடுப்பகுதியை உள்ளங்கையால் அழுத்தியதும் பல்பு ஒரு தரம் மின்னியது. மறுபடி அழுத்தினார், மறுபடி மின்னியது.

இனிப் பாதி பாதியாகப் பிரிப்பதுதான் வழி. காலடியில் இருக்கும் டிப்பர் சுவிட்சில் வந்து சேரும் ஒயரைக் கழற்றினார். அழுத்தினால் அப்போதும் மின்னியது. ஆகவே டிப்பருக்கு அப்பால், அதாவது தகட்டு ஓட்டை வழியாக ஹெட்லைட்டுக்குப் போகும் பகுதியில் குற்றமில்லை. அடுத்து, ஹெட்லைட் சுவிட்சிலிருந்து புறப்படும் ஒயரைக் கழற்றினார். இப்போது அழுத்தினாலும் மின்னவில்லை. ஆகவே குற்றம் சுவிட்சுக்கும் டிப்பருக்கும் நடுவில். இரண்டே கழற்றலில் முழு வண்டியும் ஒரு முழம் ஒயராகச் சுருங்கிவிட்டது.

எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்பது எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். டூல் பாக்ஸில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம் இருந்தது. அந்தத் தம்பி தன் கையால் வரைந்த ஒயரிங் படம். நிறம், ஃபியூஸ் அளவு, ஒயர்க் கட்டு எந்த வழியாகப் போகிறது என்பதெல்லாம் அதில் இருந்தது. எர்த் கொடுத்த இடங்களில் புது பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் முடுக்கியதையும் எழுதி வைத்திருந்தார். புதுப்பித்த பழைய வண்டிகளில் பாதிக் கோளாறு பெயிண்டின் மேல் எர்த்தை முடுக்குவதால் வருவதுதான் என்றார் பெரியவர். அந்தத் தவறு நம் வண்டியில் ஓர் இடத்தில்கூட இல்லை.

டேஷுக்குப் பின்னால் சிறு கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரு ஸ்க்ரூவின் கூர்முனை ஒயர்க் கட்டுக்குள் குத்திக்கொண்டிருந்தது.

அது எந்த ஸ்க்ரூ என்று எங்களுக்கு உடனே புரிந்தது. அந்த ஜீப்புக்கு உதவியவர்களின் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டை, தொடக்க விழாவுக்கு முன்தினம் டேஷில் பொருத்தியது நாங்கள்தான். நான்கு ஸ்க்ரூவில் ஒன்று தொலைந்துவிட்டது. கையில் கிடைத்த நீளமான ஒன்றை முடுக்கினோம். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. படத்தைப் புரட்டவில்லை. தம்பியைக் கேட்கவில்லை. அன்று அது ஒயரைக் குத்தவில்லை, பக்கத்தில் உரசிக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறது. மாதக்கணக்கில் மலைப்பாதையில் குலுங்கிக் குலுங்கி மேல்தோல் தேய்ந்து, கடைசியில் செம்பைத் தொட்டது.

டேப்பை அறுத்துப் பார்த்தபோது சாட்சியும் கிடைத்தது. ஃபியூஸிலிருந்து அந்த ஸ்க்ரூ வரைக்கும் ஒயரின் தோல் இளகிக் கருத்திருந்தது. ஸ்க்ரூவைத் தாண்டியதும் அதே ஒயர் புதிதாக இருந்தது. அதிகக் கரண்ட் ஓடிய தூரம் வரைக்கும்தான் ஒயர் சூடாகும். எரிந்த ஒயர் எங்கே நல்ல ஒயராக மாறுகிறதோ, அங்கேதான் ஷார்ட்.

இப்போது அந்தச் செம்புக் கம்பிக்கு வருகிறோம். வண்டிப் பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். மலை விபத்துக்கு முந்தைய இரண்டு மாதத்தில் ஹெட்லைட் ஃபியூஸ் மூன்று தடவை போயிருக்கிறது. மூன்றும் இரவில், மூன்றும் மலைப்பாதையில். முதல் தடவை அதே 15 ஆம்பியர் போட்டோம். இரண்டாம் தடவை "இது தாங்கும்" என்று 30 ஆம்பியர் போட்டோம். மூன்றாம் தடவை ஓட்டுநர் பாய் போன் செய்தார். கையில் ஃபியூஸ் இல்லை, மேலே நோயாளி காத்திருக்கிறார், என்ன செய்வது என்று கேட்டார். "இப்போதைக்கு ஒரு செம்புக் கம்பியைச் சுத்திட்டுப் போங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று பதில் சொன்னது எங்களில் ஒருவர்தான். அந்த நாளை பதினொரு நாள் வரவில்லை. ஃபியூஸ் மூன்று தடவை எச்சரித்தது. அதன் வாயை நாங்கள்தான் கட்டினோம். 15 ஆம்பியர் ஃபியூஸ் இருந்திருந்தால் விளக்கு அணைந்திருக்கும், புகை வந்திருக்காது. மூன்று தடவையும் ஏன் என்று தேடியிருந்தால் விளக்கும் அணைந்திருக்காது.

சகோதரர்களே, அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு நாங்கள் எல்லோருமாக அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனோம். அவருடைய அத்தாவிடமும் அம்மாவிடமும் நடந்ததைச் சொன்னோம். மன்னிப்புக் கேட்டோம். நிலுவைச் சம்பளத்தைக் கொடுத்தோம். அந்த அம்மா எங்களைத் திட்டவில்லை. "வீட்டுக்குள்ள வந்து சொன்னீங்க, சந்தோஷம். கடைத்தெருவுலயும் சொல்லிடுங்க" என்றார்கள். நியாயமான வார்த்தை. பழி போன தூரம் வரைக்கும் மன்னிப்பும் போக வேண்டும். அதனால்தான் இன்று இந்த மேடையில் சொல்கிறோம், நம் இதழிலும் அச்சிடச் சொல்லியிருக்கிறோம். அந்த ஆட்டோக்காரரிடமும் நேரில் போய்ச் சொன்னோம்.

தம்பி கேட்டது வேறு. "மாமா, அந்தத் தகட்டு ஓட்டையில ரப்பர் வளையம் போடாதது என் தப்புதான். அன்னைக்குக் கிடைக்கல, அப்புறம் மறந்துட்டேன். நானே வந்து போட்டுடறேன்" என்றார். தனக்குரிய தவறை அவராகவே சொன்னார். எங்கள் தவறைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாளும் ஒரு பெரியவரும் தேவைப்பட்டது.

இப்போது ஜீப்பில் செய்திருக்கும் மாற்றங்கள்: கருகிய ஒயரை மாற்றி, டேஷுக்குப் பின்னால் முழுவதும் ஸ்லீவ் போட்டிருக்கிறோம். எல்லாத் தகட்டு ஓட்டையிலும் ரப்பர் வளையம் இருக்கிறது. ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்து, இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி ஃபியூஸ் கொடுத்திருக்கிறோம். ஒன்று போனாலும் மற்றொன்று எரியும். கைக்கு எட்டும் இடத்தில் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சும், உலர்தூள் தீயணைப்பானும் இருக்கின்றன. பித்தளைத் தகட்டைக் கழற்றி அலுவலகச் சுவரில் மாட்டிவிட்டோம். பெயர் கொடுத்தவர்கள் யாரும் வருத்தப்படவில்லை. வேலை முழுவதையும் அந்தத் தம்பிதான் செய்தார். புதிய படத்தின் ஒரு பிரதி அலுவலகக் கோப்பிலும் இருக்கிறது.

முடிப்பதற்கு முன் உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

உங்கள் ஸ்கூட்டரிலோ, ஆட்டோவிலோ, காரிலோ ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸை ஒரு தடவை மாற்றுங்கள். மறுபடி போனால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பெரிய ஃபியூஸ், கம்பி, சிகரெட் அட்டைத் தாள் எதையும் வைக்காதீர்கள். இரண்டு ஃபியூஸ் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். பளிச்சென்ற விளக்கும் பெரிய ஹார்னும் கூடுதலாக மாட்டினால், தனி ஃபியூஸும் ரிலேயும் கேட்டு வாங்குங்கள். எங்கே ஸ்க்ரூ முடுக்கினாலும் பின்னால் என்ன போகிறது என்று முதலில் பாருங்கள். கருகல் நாற்றம் வந்தால் நிறுத்துங்கள், சாவியை அணையுங்கள், ஆட்களை இறக்குங்கள். பேட்டரியைப் பிறகு பார்க்கலாம். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வீட்டிலும் இதே கதைதான். மெயினில் ஃபியூஸ் கம்பியைத் தடிமனாகச் சுற்றி வைத்திருக்கும் வீடுகள் நம் தெருவில் இன்னும் இருக்கின்றன. அங்கே ஓடுவது 12 வோல்ட் அல்ல, 230 வோல்ட். எம்சிபி அடிக்கடி விழுந்தால் அதைத் திட்டாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி தனியாகத் தேவை. வசதி இல்லாத வீடுகளுக்கு நம் தொழிற்பயிற்சி வகுப்பு இந்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மெயின் பலகையைக் கூலி இல்லாமல் பார்த்துக்கொடுக்கும். பெயர் கொடுக்க வேண்டியவர்கள் அலுவலகத்தில் கொடுங்கள்.

வகுப்பை நடத்தப் போவது அந்தத் தம்பிதான். அவர் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது, ஒரு கிளாஸ் டீ கொடுத்து, உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். எங்களுக்காக இதை நீங்கள் செய்ய வேண்டும்.

ஜீப் நேற்று இரவும் மலைக்குப் போய் வந்தது. விளக்கு எரிந்தது.

வஸ்ஸலாம்.